கடைசி இருபது நிமிடம்

மாத்தூர் என்றதும் 'எந்த மாத்தூர்?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். தமிழ்நாட்டில் தடுக்கி விழுந்தால் ஒரு மாத்தூர் இருக்கிறது! நான் சொல்வது வடசென்னை மாத்தூர். மாதவரம் பால்பண்ணையைத் தாண்டி மணலிக்குப் போகிற வழியில், எம்.எம்.டி.ஏ. மனை போட்டு உருவாக்கிய குடியிருப்பு. 2011-ல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஆனால் அதற்கு ரொம்ப வருஷம் முன்பே சென்னையின் புகை அங்கே வந்துவிட்டது. அது வேறு கதை... இல்லை, அதே கதைதான். அப்புறம் வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேறு வேலையாகப் போனவன் அங்கே ஒரு திடலின் ஓரமாக நின்றுவிட்டேன். இருபது, இருபத்தைந்து பையன்கள். அவர்களோடு மூன்று பெண் பிள்ளைகள். பாதிப் பேர் முதுகில் மெஸ்ஸி, மீதிப் பேர் முதுகில் நெய்மர். ஃபுட்பால் ஒரு ஓரமாகக் கிடக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் திடலைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பத்து ரவுண்டாம்! லேட்டாக வந்தவனுக்குக் கூடுதலாக ஐந்து.

ஒரு பையன், பதிமூன்று வயது இருக்கலாம், ஏழாவது ரவுண்டில் நொண்ட ஆரம்பித்தான்.

''இன்னாடா, டிராமா போடுறியா?''

''இல்ல மாஸ்டர், மெய்யாலுமே முட்டி வலிக்குது.''

''ஓடுனா சரியாப்பூடும். ஓடு!''

அவன் ஓடினான். எனக்குப் பகீரென்றது. மாஸ்டர்மீது கோபமும் வந்தது. ஆனால் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுத்தபோது அந்தக் கோபம் நிற்கவில்லை. தினமும் ஷிஃப்டு முடிந்து வந்து, காலணா வாங்காமல் சொல்லிக்கொடுக்கிற மனிதர். பந்துகூட அவர் காசுதான். ''எங்களுக்கு யாரு சார் சொல்லிக்குடுத்தா? எங்க மாஸ்டர் ஓடுன்னாரு, ஓடுனோம். நானும் அதையே சொல்றேன்'' என்றார். சொல்லும்போது தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். இருபத்திரண்டு வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். காரணம், அதே முட்டி!

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த 'ஓடு' என்கிற வார்த்தை என்னை விடவில்லை. யோசித்துப் பாருங்கள். நம்மூர் பள்ளிக்கூடத்தில் ஓட்டம் என்பது என்ன? தண்டனை! ஹோம்வொர்க் எழுதவில்லையா, கிரவுண்டைச் சுற்றி நாலு ரவுண்டு. உடற்பயிற்சி ஆசிரியருக்கு நம் தாத்தா காலத்தில் என்ன பெயர்? 'டிரில் மாஸ்டர்'. டிரில் என்பது ராணுவச் சரக்கு. வரிசையாக நில், கையைத் தூக்கு, இறக்கு, கேள்வி கேட்காதே. வெள்ளைக்காரன் ராணுவ முகாமிலிருந்து அது நேராக நம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது.

இதை மாற்ற முயன்றவர் ஒருவர் சென்னையிலேயே இருந்தார். ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர். 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியவர். ஆசியாவிலேயே முதலாவது அதுதான் என்பார்கள். டிரில்லோடு நிற்காமல் விளையாட்டையே உடற்பயிற்சியாக்க வேண்டும் என்று பாடுபட்டவர். 1924 பாரீஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு அவரும் போனார். 1943-ல் காலமானார். அந்தக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. நந்தனத்திலிருந்து மாத்தூர் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பக் சொன்ன சேதி மாத்தூருக்கு வந்து சேர நூறு வருஷம் போதவில்லை!

சரி, ஃபுட்பாலுக்கு வருவோம். வருஷம் 1948, ஜூலை 31. லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டு என்கிற ஊர். சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத இந்தியா, ஒலிம்பிக்கில் பிரான்ஸை எதிர்த்து ஆடுகிறது. கேப்டன் டாக்டர் தாலிமெரன் ஆவ், நாகா இனத்தவர். நம் ஆட்களில் பெரும்பாலோர் காலில் ஷூ கிடையாது. வெறுங்காலில் பந்தை உதைப்பதைப் பார்த்து இங்கிலாந்துக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். 30-வது நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு கோல். நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தன. இரண்டும் வீண்! 70-வது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் என்கிற பெங்களூர்க்காரர் கோல் போட்டுச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. பெயரைப் பார்த்து நீங்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது!

அப்புறம்? 89-வது நிமிடத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டது. 2-1. கதை முடிந்தது.

பெனால்டியை விட்டதால் தோற்றோம் என்றுதான் பல வருஷம் பேசினார்கள். ஆனால் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் உள்நாட்டுப் போட்டிகள் எத்தனை நிமிடம் தெரியுமா? பெரும்பாலும் 70 நிமிடம், அல்லது அதற்கும் குறைவு! வெயிலும் புழுக்கமும் காரணம் என்றார்கள். பல பத்தாண்டுகள் இப்படியே ஓடியது. ஆக, 70 நிமிடத்துக்குப் பழகிய கால்களை 90 நிமிட ஆட்டத்துக்கு அனுப்பினோம். கடைசி இருபது நிமிடம் நமக்குப் புது ஊர்.

எல்லாத் தோல்வியையும் இந்த ஒரே கணக்கில் போட மாட்டேன். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று வாங்கினோமே, அது குளிர், ஷூ இல்லாத கால், எதிரியின் தரம் எல்லாம் சேர்ந்த அடி. ஆனால் 1956 மெல்பர்னைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவை 4-2 என்று துரத்திவிட்டு அரையிறுதிக்குப் போகிறோம். அந்தக் கட்டத்துக்குப் போன முதல் ஆசிய அணி நாம்தான். மறுபடி யூகோஸ்லாவியா. இடைவேளை வரை அவர்களால் கோல் போட முடியவில்லை. முதல் கோல் போட்டதே நாம்தான், நெவில் டிசூசா! ஆட்டம் முடியும்போது 4-1, அவர்கள் பக்கம். 1960 ரோமில், பிரான்ஸுக்கு எதிராக 71-வது நிமிடத்தில் பி.கே.பானர்ஜி கோல் போட்டு முன்னிலை. 82-வது நிமிடத்தில் பிரான்ஸ் சமன் செய்தது. எழுபதைத் தாண்டியதும் ஏதோ ஒன்று நம் ஆட்களின் சட்டையைப் பிடித்து இழுக்கிறது, இல்லையா?

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் ஒருவர். கோச் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர், அடிப்படையில் பள்ளி ஆசிரியர். 1950-லிருந்து 54 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பைகளை வென்ற ஹைதராபாத் போலீஸ் அணியை உருவாக்கியவர். அவர் நடத்திய பயிற்சிப் போட்டிகள் விசித்திரமானவை. ஒரு போட்டியில் பந்தைத் தட்டிக்கொண்டே போகக் கூடாது, வந்ததும் பாஸ் கொடுத்தாக வேண்டும். இன்னொன்றில் பலவீனமான காலால் மட்டுமே உதைக்கலாம்! பந்து வந்ததும் கொடுத்துவிட வேண்டும் என்றால் என்ன ஆகும்? கொடுத்தவன் சும்மா நிற்க முடியாது, அடுத்த இடத்துக்கு ஓடியாக வேண்டும். திடலைச் சுற்றாமலேயே ஓட்டம் உடம்பில் ஏறிவிடும். வாத்தியார் மூளை!

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசியப் போட்டி இறுதி ஆட்டம், எதிரே தென்கொரியா. அரங்கம் முழுக்க நமக்கு எதிரான கூச்சல். டிஃபெண்டர் ஜர்னைல் சிங் தலையில் தையலோடு ஃபார்வர்டாக இறங்குகிறார். கோலில் பீட்டர் தங்கராஜ். நம்மூர் ராணுவப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமென்ட்டில், வெலிங்டனில் இருந்தவர். அந்த மெட்ராஸ் அணி 1955-லும் 58-லும் டியூராண்ட் கோப்பையை வென்றது. இருபது நிமிடத்துக்குள் நாம் இரண்டு கோல். 85-வது நிமிடத்தில் கொரியா ஒன்றைத் திருப்பியது. மீதம் ஐந்து நிமிடம். இந்த முறை கால்கள் நின்றன. 2-1, தங்கம்! ரஹீம் அப்போதே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அடுத்த ஜூனில் காலமானார். அதற்குப் பிறகு ஆசியப் போட்டியில் ஃபுட்பால் தங்கம் நமக்குக் கிடைக்கவே இல்லை.

இந்த வெற்றிகளுக்குப் பின்னால் இருந்தவர்களின் வேலையைப் பாருங்கள். தங்கராஜ் ராணுவம். பானர்ஜி ரயில்வே. ரஹீமின் பையன்கள் பலர் போலீஸ். அதாவது, மூன்று வேளை சாப்பாடும், சம்பளமும், தினசரி பயிற்சியும் உத்தரவாதமான இடங்கள். திறமை தெருவில் கிடைத்தது, தெம்பு வேலையில் கிடைத்தது! வடசென்னையிலும் இதே கதைதான். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை, இந்தியன் வங்கி அணியில் வேலை... ஒரு தலைமுறைக்கே ஃபுட்பால் என்றால் அரசாங்க வேலைக்கான மனு. மாத்தூர் மாஸ்டரும் அந்த மனுவோடு ஓடியவர்தான். முட்டி போனதும் மனுவும் போனது.

'திறமை இருந்தா போதும் சார், ஃபிட்னெஸ்ஸெல்லாம் ஐரோப்பாக்காரன் சமாசாரம். பிரேசிலைப் பாருங்க...' என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களும் அந்தக் கட்சியா? அப்படியானால் பிரேசிலுக்கே போவோம்.

1966 உலகக் கோப்பையில் பிரேசில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. பீலேவை உதைத்தே நொண்டவிட்டார்கள். அவமானம்! 1970 போட்டி மெக்சிகோவில். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம் ஊட்டி! நாலடி ஓடினாலே மூச்சு வாங்கும். பிரேசில் என்ன செய்தது? கிளாடியோ கூட்டின்யோ என்கிற ராணுவ கேப்டனைக் கூப்பிட்டது. இவர் அமெரிக்க டாக்டர் கென்னத் கூப்பரின் முறைகளைக் கற்றுக்கொண்டு வந்தவர். 'ஏரோபிக்ஸ்' என்கிற வார்த்தையை 1968-ல் புத்தகம் போட்டு உலகத்துக்கே பரப்பினாரே, அந்த கூப்பர்தான். பன்னிரண்டு நிமிடத்தில் ஒருவன் எவ்வளவு தூரம் ஓடுகிறான் என்று அளந்தால், அவன் இதயமும் நுரையீரலும் எப்படி என்று சொல்லிவிடலாம் என்றவர். பீலே முதல் எல்லோரையும் தனித்தனியாக அளந்தார்கள். ஆளுக்கு ஏற்ற பயிற்சி. போட்டிக்குப் பல வாரங்கள் முன்பே மலைக்குப் போய் மூச்சைப் பழக்கினார்கள்.

பலன்? அந்த உலகக் கோப்பையில் பிரேசில் போட்டது 19 கோல். அதில் 12 கோல் இரண்டாம் பாதியில்! இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது இத்தாலியோடு 1-1. அப்புறம் 66, 71, 86-வது நிமிடங்களில் மூன்று கோல். கார்லோஸ் ஆல்பர்ட்டோவின் அந்த 86-வது நிமிட கோலை இன்றைக்கும் உலகம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. எல்லோரும் அதன் அழகைச் சொல்கிறார்கள். நான் அந்த நிமிடத்தைச் சொல்கிறேன்.

வியாசர்பாடிக்கு 'குட்டி பிரேசில்' என்றே பெயர் உண்டு. உலகக் கோப்பை வந்தால் தெரு முழுக்க மஞ்சள் கொடி. முல்லை நகர் மைதானத்தில் உமாபதி போன்ற உள்ளூர்க்காரர்கள், படிப்பை விட்ட பிள்ளைகளைப் பந்தைக் காட்டியே பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேட்டையிலிருந்து போனவர்தான் தனபால் கணேஷ். 2018 மார்ச்சில் ஐ.எஸ்.எல். அரையிறுதி, சென்னை நேரு ஸ்டேடியம், கோவாவுக்கு எதிராக 3-0. அதில் ஒரு கோல் அவருடையது. சென்னையின் எஃப்.சி. கோப்பையையும் வென்றது. அடுத்த சீஸன்? முழங்கால் காயத்தால் வெளியே! பெரிய கிளப்பில், டாக்டர், ஃபிஸியோ எல்லோரும் கூடவே இருக்கிறவருக்கே முட்டி இப்படி என்றால், மாத்தூர் பையனுக்கு?

அவன் முட்டிக்கு என்ன ஆகியிருக்கலாம்? பார்க்க வேண்டியவர் டாக்டர்தான். ஆனால் இந்த வயதில், ஓடியாடும் பிள்ளைகளிடம் ரொம்பச் சாதாரணமாக வரும் ஒரு வலி உண்டு. 1903-ல் பாஸ்டனில் ஆஸ்குட் என்கிற டாக்டரும், ஜூரிச்சில் ஷ்லாட்டர் என்கிற டாக்டரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தனித்தனியாக விவரித்தார்கள். அதனால் இரண்டு பேர் பெயரும் சேர்ந்துகொண்டது. பையன்கள் பதிமூன்று, பதினாலு வயதில் மளமளவென்று வளர்வார்கள். உச்சத்தில் வருஷத்துக்கு ஒன்பது, பத்து சென்டிமீட்டர்கூட! பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு வருஷம் முன்பே வந்துவிடும். எலும்பு நீள்கிறது, தொடைத் தசை அந்த வேகத்துக்கு நீள்வதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே, இன்னும் கெட்டியாகாத குருத்தெலும்பில் போய்த் தசைநார் 'வெடுக் வெடுக்'கென்று இழுக்கிறது. வலி. சமயத்தில் அங்கே ஒரு புடைப்பு. ஓட்டத்தைக் குறைத்து, கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். வளர்ச்சி நின்றதும் வலியும் நின்றுவிடும். 'ஓடினா சரியாப்பூடும்' என்பது நேர் எதிரான வைத்தியம்!

அதுவும் எந்தத் தரையில் ஓடுகிறான்? கெட்டி மண், சில இடத்தில் தார் ரோடு. மெரினா பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓடுவதற்கு மெத்து மெத்தென்று மணல் இருக்கிறது. வடசென்னைக்கு ஏன் இல்லை? இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடல் சுமந்துகொண்டு போகும் மணல் அந்தச் சுவரில் தடுத்து நின்றது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் கரையைக் கடல் அரித்துத் தின்றது. இப்போது அங்கே பல இடங்களில் மணல் இல்லை, அலையைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல்தான்.

காற்று? பக்கத்தில் மணலி. சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, ரசாயன ஆலைகள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க அளந்து பார்த்து, மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் மணலியும் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கிறான். முழு மூச்சாக ஓடும்போது பத்து மடங்குக்கு மேல் இழுப்பான். நாற்றம் அடிக்கிற நாளில் பிள்ளைகளை ஓடவிடாமல் இருப்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.

சாப்பாட்டை விட்டுவிட்டேன் பாருங்கள். அந்தப் பையன்களைக் கேட்டேன், ''காலைல என்ன சாப்ட்டு வந்தீங்க?'' ''டீ சார்.'' ''அப்புறம்?'' ''பொறை.'' அவ்வளவுதான்! 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உடம்பு கன்னாபின்னாவென்று வளர்வது அதற்கப்புறம்தான். பெரிய பெரிய டின்னில் விற்கிற பவுடரெல்லாம் வேண்டாம். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை, ஒரு வாழைப்பழம், ஆட்டம் முடிந்ததும் முட்டை. கூடவே, நடுவில் நடுவில் தண்ணீர். (ஆட்டத்தின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும் என்று இன்னமும் தடுக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.)

எப்படித்தான் பயிற்சி கொடுப்பது என்கிறீர்களா? பெரிய ஆட்டக்காரர் ஒருவர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். ஆனால் ஒரே சீராக இல்லை. நடப்பார், திடீரென்று பாய்வார், நிற்பார், திரும்புவார், குதிப்பார். உயிரைக் கொடுத்துப் பாய்வது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆட்டம் முடிவாவது அந்தப் பத்தில் ஒரு பங்கில்தான். திடலைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடுகிறவன் இதில் எதையுமே கற்றுக்கொள்வதில்லை. நாலுக்கு நாலு பேராகச் சின்ன இடத்தில் பந்தோடு ஆடவிட்டால் எல்லாம் வந்துவிடும்.

2006-ல் ஃபிஃபாவின் மருத்துவக் குழு, செலவே இல்லாத ஒரு பயிற்சி முறையை உருவாக்கியது. பெயர் '11 பிளஸ்'. பதினைந்து பயிற்சிகள். மொத்தம் எவ்வளவு நேரம் தெரியுமா? இருபது நிமிடம்! முதல் எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம். அடுத்த பத்து நிமிடம் வயிறு, தொடை, பின்தொடைக்கு வலு, ஒற்றைக் காலில் நின்று சமநிலை, குதித்து முழங்கால் உள்ளே மடங்காமல் இறங்குவது. கடைசி இரண்டு நிமிடம் வேக ஓட்டம், சட்டென்று திசை மாற்றுவது. நார்வேயில் 13 முதல் 17 வயதுக்குட்பட்ட சுமார் 1,900 பெண் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வெளியானது. செய்தவர்களுக்குக் காயம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. கடுமையான காயம் ஏறக்குறைய பாதி!

படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒற்றைக் காலில் குதிப்பது, முன்னே, பின்னே, பக்கவாட்டில் தாவுவது... இது நம்ம பாண்டி ஆட்டம்! கூடவே கொஞ்சம் நொண்டி, கொஞ்சம் பச்சைக்குதிரை. நம் தெருவிலிருந்து டி.வி.யும் செல்போனும் துரத்திவிட்ட ஆட்டங்கள், ஜூரிச் போய்ச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கின்றன.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படங்களைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்துக்கொண்டு மறுபடியும் மாத்தூர் போனேன். மாஸ்டர் ரொம்ப நேரம் பார்த்தார். ''எங்க ஆயா காலத்து நொண்டி மாரி கீது சார்...'' என்றார். பிறகு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தானே செய்துகாட்டப் போனார். ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழும் பயிற்சி. வலது காலில் நின்றார். இடது காலுக்கு மாற்றினார், முட்டி நடுங்கியது, நிறுத்திக்கொண்டார். ''நீ செஞ்சி காட்டும்மா'' என்று ஒரு பெண் பிள்ளையை முன்னால் தள்ளினார். அது அலட்டிக்கொள்ளாமல் செய்தது.

நொண்டிய பையன் அன்றைக்கு ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருக்கிறான், ஆறு வாரம் ஓட்டம் கூடாதாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தான். மாஸ்டர் அவன் கையில் தன் செல்போனைக் கொடுத்து, ''நீ டைம் பாரு, இருவது நிமிசம். ஒரு நிமிசம் கொறைஞ்சாலும் உட்றாத'' என்றார். அவ்வளவுதான், பையனுக்கு மவுசு வந்துவிட்டது! பதினெட்டாவது நிமிடத்தில் நைஸாக நழுவப் பார்த்த நெய்மர் ஒருவனைப் பார்த்து அவன் போட்ட சத்தம் மணலி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

''டேய், இன்னும் ரெண்டு நிமிசம் கீதுடா!''